கொக்கின் கார்

ஜூன் 5

பைலட்டுக்கு,

போனை நான் எடுக்க மாட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டு உன் விரல்தான் தேயும். போனில் நீ அழுவாய், நான் உருகுவேன், கடைசியில் நானே உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைப்பேன். பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குள் நடப்பது இதுதான். அதனால் எழுது. உன் அண்ணன் வீட்டு விலாசம் என்னிடம் இருக்கிறது, என் விலாசம் உனக்கு மறந்திருக்காது.

இன்று மருத்துவமனைக்குப் போய் அந்த வாட்ச்மேனைப் பார்த்தேன். மருந்துக்கடைப் படியில் மழைக்கு ஒதுங்கி நின்றதைத் தவிர அந்த மனுஷர் ஒரு தப்பும் செய்யவில்லை. வலது கால், முழங்காலுக்குக் கீழே முறிந்திருக்கிறது. கட்டுப் போட்டுத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். அவர் என் கைத்தடியைப் பார்த்தார், சூம்பின காலைப் பார்த்தார். "நீங்க என்னம்மா பண்ணுவீங்க, உங்க காலு அப்படி" என்றார். அவர் மனைவி ஓடிப்போய் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஓட்டியது நான் இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். போலீஸ் எழுதி வைத்திருப்பதில் ஓட்டியது நான்தான். எப்படி எழுதினார்கள் என்பது உனக்குத் தெரியும். நீ போன் பண்ணினாய், நான் ஆட்டோ பிடித்து ஓடி வந்தேன் (ஓடி என்பது ஒரு பேச்சுக்கு). கார் கடைப் படியில் ஏறி நின்றது. அவரை அப்போதுதான் ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். வண்டியை எடு, வண்டியை எடு என்று கூட்டம் கத்தியது. நீ பையைக் கட்டிக்கொண்டு நின்றாய். நான் ஏறி உட்கார்ந்து பின்னால் எடுத்தேன். இறங்கும்போது எதிரே கான்ஸ்டபிள். வண்டி யாருடையது என்றார், என்னுடையது என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து, "இப்ப ஒண்ணும் சொல்லாதே, அப்புறம் பேசிக்கலாம்" என்றாய்.

அந்த அப்புறம் எப்போது வரும்? மறுநாள் விடிந்தபோது நீ ஊரிலேயே இல்லை.

லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து தாள் வந்துவிட்டது. 23ஆம் தேதி விசாரணை. அதுவரை நான் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அன்றைக்கு ரத்து செய்தால், என் காலுக்கு மறுபடி கொடுப்பது சந்தேகம்தான் என்று அங்கிருந்த குமாஸ்தா சொன்னார். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவளுக்குக் கார் இல்லையென்றால் என்ன வேலை மிச்சம்? லேபில் என்னை லேபிள் ஒட்ட உட்கார வைத்துவிட்டார்கள். வெறும் வயிற்றோடு எனக்காகக் காத்திருந்த சர்க்கரைக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் இப்போது எவனோ பைக்கில் போகிறான். ஊசி வலிக்கிறது என்று புகார் வேறு வருகிறதாம்.

வேறு எதுவும் நான் கேட்கவில்லை. 23ஆம் தேதி நீ வா. ஓட்டியது நீ என்று சொல்.

கொக்கு

ஜூன் 8

கொக்கே, என் கண்ணே,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று பிரித்தேன், அண்ணி பார்த்துவிட்டு என்ன ஏது என்றாள், சிநேகிதி நலம் விசாரித்திருக்கிறாள் என்று சமாளித்தேன். நான் ஓடி வந்துவிட்டேன் என்று நீ நினைக்கிறாய். ஓடி வரவில்லை. மூச்சு விட வந்தேன். அந்த மனுஷர் முகம் கண்ணை மூடினாலும் நிற்கிறது, திறந்தாலும் நிற்கிறது. உன்னிடம் கார் வாங்கி அண்ணியை ரயிலேற்றிவிட்டு, வருகிற வழியில் தலைவலி மாத்திரை வாங்க நின்றேன். இதற்குப் போய் இத்தனை பெரிய தண்டனையா சொல்லு.

எப்படி நடந்தது என்று நீ கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். உன் காரில் மிதிகளே ஒரு குழப்பம். நான் பள்ளி வேனில் இடது காலால் கிளட்ச் மிதித்து மிதித்துப் பழகினவள். கடை வாசலில் நிறுத்தும்போது இடது கால் தானாகக் கிளட்சைத் தேடிப் போய் உன் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டது. வண்டி பாய்ந்துவிட்டது. உன் கார் உன் காலுக்குத்தான் பேச்சுக் கேட்கும் போலிருக்கிறது. இதில் என் தப்பு எவ்வளவு, வண்டியின் தப்பு எவ்வளவு, நீயே சொல்.

இப்போது கோபப்படாமல் கேள். அண்ணனுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார், பேர் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். நீயே ஓட்டியதாக இருந்தால் மழை, வழுக்கல், கால் சறுக்கல் என்று ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்களாம். உன்னைப் பார்த்தால் அதிகாரிக்கும் மனசு இளகும். நான் என்றால் யார் இளகுவார்கள்? பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற டிரைவர் ஒருத்தி ஆள்மேல் மோதினாள் என்றால் எந்தப் பள்ளி வேன் கொடுக்கும்? பள்ளி திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான், டிரைவர்கள் பட்டியலை இப்போதுதான் போடுகிறார்கள். என் வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்தி என்பது உனக்கு நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

ஒரே ஒரு தடவை எனக்காக. உன்னைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் வரை மிதித்தவள் கேட்கிறேன். அதற்குத்தானே எனக்குப் பைலட் என்று பேர் வைத்தாய். ஒற்றைக்காலில் நிற்காதே கொக்கே, கொஞ்சம் இறங்கி வா.

உன் பைலட்

ஜூன் 11

பைலட்டுக்கு,

ஒற்றைக்காலில் நிற்காதே என்று எழுதியிருக்கிறாய். நான் வேறு எந்தக் காலில் நிற்பது?

அதிகாரிக்கு மனசு இளகுமாம். நான் லைசென்ஸ் வாங்கின கதை உனக்குத் தெரியும், தெரிந்தும் எழுதியிருக்கிறாய். முதல் தடவை இன்ஸ்பெக்டர் என் காரில் ஏறவே இல்லை, வெளியில் நின்றபடியே தலையாட்டி அனுப்பிவிட்டார். அடுத்த தடவை ஏறினார், மேலே இருக்கும் கைப்பிடியை விடவே இல்லை. மூன்றாம் தடவை பாதி வழியில் கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவிதான் என் லைசென்ஸ். பக்கத்தில் உட்கார்ந்தவருக்குப் பயம் போய்த் தூக்கம் வரும் அளவுக்கு நான் ஓட்டினேன். இப்போது நானே போய், ஆமாம் ஐயா, கால் சறுக்கிவிட்டது என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? எனக்குப் பிறகு என் மாதிரி ஒருத்தி போய் நின்றால் அவளுக்கு என்ன சொல்வார்கள்?

வண்டியின் தப்பு என்றாய். பேசலாம்.

என் காரில் கிளட்ச் கிடையாது. பிரேக்குக்கு இடது பக்கம் எனக்காக வைத்த ஆக்ஸிலேட்டர் இருக்கிறது. வலது பக்கம் ஊருக்கெல்லாம் இருக்கிற மாதிரி இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் இருக்கிற கொக்கியைத் தட்டினால் ஒன்று மடங்கும், மற்றது விரியும். இரண்டும் சேர்ந்து விரியவே விரியாது. மெக்கானிக் அதற்காகத்தான் அப்படிச் செய்து கொடுத்தார். நீ அன்றைக்கு என் வாசலில் குனிந்து கொக்கியைத் தட்டின சத்தம் எனக்கு ஜன்னல் வழியாகக் கேட்டது.

அப்படியானால் எனக்கு ஒன்று சொல். என் வாசலிலிருந்து ரயில் நிலையம், அங்கிருந்து மருந்துக்கடை. அத்தனை தூரமும் எந்தக் காலால் ஓட்டினாய்? வலது காலால்தான் ஓட்டியிருப்பாய். அப்போது என் மிதி மடங்கி இருந்தது. மடங்கிக் கிடந்த மிதியை உன் இடது கால் எப்படி மிதித்தது?

இதை எழுதும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நான் ஏறிக் காரைப் பின்னால் எடுத்தபோது என் மிதி விரிந்துதான் இருந்தது. கொக்கியை நான் தொடவில்லை.

கொக்கு

ஜூன் 13

கொக்குக்கு,

நீ ரத்தம் எடுக்கப் போயிருக்கக் கூடாது, போலீசில் சேர்ந்திருக்க வேண்டும். எந்தக் கால், எந்த மிதி, எந்தக் கொக்கி. ஒருத்தி இங்கே சோறு இறங்காமல் கிடக்கிறாள், உனக்குக் கொக்கி முக்கியம். அந்தக் கொக்கி லூஸ். மோதின அதிர்ச்சியில் தானாக விரிந்திருக்கும். இல்லை, அதற்கு முன்னாலேயே விரிந்து என் காலை வாரிவிட்டிருக்கும். எனக்கு எல்லாமா நினைவிருக்கும்?

மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், நீதான் எழுது எழுது என்றாயே. கார் வந்த பிறகு நீ பழைய ஆள் இல்லை. சாவியைக் கையில் வைக்கும்போது உன் முகத்தில் ஒரு ராணிக்களை வரும். "பாத்து ஓட்டு" என்பாய். யாரிடம் சொல்கிறாய்? ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் போகிற என்னிடம். நானும் சரிங்க மேடம் என்று சிரித்துவிட்டு வாங்கிப் போவேன். உள்ளே எப்படி இருக்கும் என்று ஒருநாளாவது நினைத்தாயா?

உனக்குக் கார் போனால் ஆட்டோ இருக்கிறது. லேபில் நாற்காலியாவது இருக்கிறது. எனக்கு வேன் போனால் எதுவும் இல்லை.

23ஆம் தேதி நீ என் பேரைச் சொன்னால், நான் இல்லை என்றுதான் சொல்வேன். யாரும் பார்க்கவில்லை. ஓட்டினது நீ என்றுதான் ஊரும் நம்புகிறது, அடிபட்டவரும் நம்புகிறார். இப்படி எழுத வைத்துவிட்டாய்.

பைலட்

ஜூன் 16

பைலட்டுக்கு,

உன் கடிதத்தைத் தம்பியிடம் காட்டவில்லை. பல் துலக்குகிற பிரஷ்ஷையும் காரையும் யாருக்கும் கொடுக்காதே அக்கா என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவன், பார்த்தால் ஆடித் தீர்த்துவிடுவான்.

ராணிக்களை உண்மைதான். உனக்குக் கொடுக்க என்னிடமும் ஒன்று இருக்கிறதே என்று சந்தோஷமாக இருக்கும். அது முகத்தில் தெரிந்திருக்கும். "பாத்து ஓட்டு" என்றது தப்புத்தான், இனி யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இன்று காவல் நிலையத்துக்குப் போனேன். கார் அங்கே பின்பக்கம், அன்று நானே ஓட்டிவந்து நிறுத்தின இடத்திலேயே, வேப்பங்குச்சியும் பறவை எச்சமுமாக நிற்கிறது. ரத்தக் குழாய்கள் வைக்கிற என் ஐஸ் பெட்டியை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். கூடவே மெக்கானிக்கையும் கூட்டிப் போயிருந்தேன். அவர் கொக்கியை ஆட்டிப் பார்த்தார், பிறகு டயரைக் கழற்றும் கம்பியால் இடித்தும் பார்த்தார். கல் மாதிரி இருக்கிறது. விரல் வைத்துத் தட்டினால் ஒழிய அது நகராது என்றார். மோதினதில் விரிந்தது என்று யாராவது சொன்னால் தன்னிடம் அனுப்பச் சொன்னார்.

அதைக்கூட விட்டுவிடலாம். பெட்டி பக்கத்து சீட்டுக்குக் கீழே சிக்கியிருந்ததால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துதான் இழுக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்தேன். என் கால் பிரேக்கில் சரியாக எட்டியது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக், என்னம்மா தலை சுற்றுதா என்று கேட்டார்.

நீ என்னைவிட ஒரு முழம் உயரம். என் சீட்டில் உட்கார்ந்தால் உன் முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கும். காரை எடுத்ததும் முதல் வேலையாகச் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளுவாய். திருப்பிக் கொடுக்கும்போது முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, மிதியை மாற்றி, எனக்கு எப்படி வேண்டுமோ அப்படி வைப்பாய். என் தம்பிகூட ஒருநாளும் அதைச் செய்ததில்லை. வேறு யாருக்கும் கொடுக்காத காரை உனக்குக் கொடுத்தது அதற்காகத்தான்.

அன்று கூட்டத்துக்கு நடுவில் நான் ஏறின வேகத்தில் எதையும் நகர்த்தவில்லை. எல்லாம் எனக்கு அளவாக இருந்தது. அப்போது மனசின் ஓரத்தில் ஒரு நினைப்பு வந்து போனது: பாவம், இந்த நிலைமையிலும் எனக்காகச் சீட்டைச் சரி பண்ணி வைத்திருக்கிறாளே என்று. உன்னை நினைத்து எனக்குக் கண் கலங்கிற்று, தெரியுமா?

கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. சீட்டை எப்போது இழுத்தாய்? எதற்கு இழுத்தாய்?

கொக்கு

ஜூன் 19

பதில் இல்லை.

23ஆம் தேதி எனக்குத் தெரிந்ததைச் சொல்லப் போகிறேன். நீ மறுத்தால் மறுத்துக்கொள். நம்பினால் நம்பட்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் போகட்டும். என் காலைக் காட்டி நான் தப்பிக்க மாட்டேன். உன்னையும் தப்பிக்க விட மாட்டேன்.

வாட்ச்மேனிடம் முதலில் சொல்லிவிடலாம் என்று நேற்றுப் போனேன். ஓட்டியது நான் இல்லை, வேறொருவர் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அப்ப என் தலையை மடியில வச்சுக்கிட்டு அழுதுச்சே, ஒரு உசரமான பொண்ணு, அது யாரு?" என்றார். ஆம்புலன்ஸ் வரும்வரை நீ அவர் முகத்தில் மழை விழாமல் கையை வைத்து மறைத்திருந்தாயாம். அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

யார் என்று தெரியாது என்று சொல்லிவிட்டேன். உனக்காக நான் சொல்லும் கடைசிப் பொய்.

கொக்கு

ஜூன் 21

கொக்குக்கு,

இதைக் கொரியரில் அனுப்புகிறேன். நான் வருவதற்கு முன்னால் இது உன் கையில் இருக்க வேண்டும். நேரில் உன் முகத்தைப் பார்த்தால் மறுபடி பொய் சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

கிளட்ச் கதை பொய். மாத்திரை வாங்கிவிட்டு வந்து காரில் உட்கார்ந்தேன். ரயிலில் இருந்து அண்ணி கூப்பிட்டாள். ஒரு கையில் போன், ஒரு கையில் கியர். பின்னால் எடுப்பதாக நினைத்து முன்னால் போட்டு மிதித்தேன். வேனில் பிள்ளைகள் இருந்தால் போனைத் தொடவே மாட்டேன். உன் கார் என்பதால் அலட்சியம். சொந்த வண்டி மாதிரி கவனம் இல்லை, வேலை வண்டி மாதிரி பயமும் இல்லை. சிநேகிதி வண்டிதானே என்று ஒரு இது.

இறங்கி அவரிடம் ஓடினேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். நானும் ஓடி வந்தவர்களில் ஒருத்தி என்று நினைத்துவிட்டார்கள். உனக்குப் போன் பண்ணினேன். அப்போது பின்னாலிருந்து ஒருவன், "ஓட்டினது யாருடா, வெளிய இழுங்கடா" என்று கத்தினான்.  அவரை ஆம்புலன்ஸில் ஏற்றும் சந்தடியில் பையை எடுக்கிற மாதிரி காருக்குப் போனேன்.

கொக்கியைத் தட்டினது கை தானாகச் செய்தது. பழக்கம். இதை நீ நம்பினால் போதும், வேறு யாரும் நம்ப வேண்டாம். உன் காரை விட்டு இறங்கும்போதெல்லாம் செய்கிறதுதானே.

சீட் அப்படி இல்லை. சீட்டுக்கு அடியில் கை விடும்போது எனக்குத் தெரியும். நீ வந்துகொண்டிருக்கிறாய், தடியோடு வருவாய், உன்னைப் பார்த்தால் எவனும் கை ஓங்க மாட்டான் என்று தெரியும். அவள் கால் அப்படி, அவள் என்ன செய்வாள் என்று விட்டுவிடுவார்கள் என்று தெரியும். அந்தப் பெரியவர் உன்னிடம் சொன்னதை அவருக்கு முன்னால் நான் நினைத்துவிட்டேன். தெரிந்துதான் இழுத்தேன்.

வாய்க்கு வாய் கொக்கு என்று கூப்பிட்ட இத்தனை வருஷத்தில் ஒருநாளும் உன் காலை நான் குறையாக நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்தேன். எனக்கு அது உதவும் என்றதும் நினைத்தேன்.

வருகிறேன். ஓட்டினது நான் என்று சொல்கிறேன்.

பைலட்

ஜூன் 29

கொக்குக்கு,

அவசரத்துக்கு என்று நீ என்னிடம் கொடுத்து வைத்த உன் காரின் மாற்றுச் சாவி இதோடு இருக்கிறது. அன்று விசாரணை முடிந்ததும் கையில் கொடுத்திருக்கலாம், உன் பக்கம் வர கால் எழவில்லை. நீயும் கூப்பிடவில்லை, அது நியாயம்தான்.

என் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழக்கு நடக்கும். பள்ளிக்கூடத்தில் டிரைவர் பட்டியலிலிருந்து என் பேரை எடுத்துவிட்டார்கள். வாட்ச்மேனைப் போய்ப் பார்த்தேன். உசரமான பொண்ணு நான்தான், ஓட்டினதும் நான்தான் என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். யாரும் நாற்காலி போடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். நாளையும் போவேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

பைலட்

ஜூலை 3

பைலட்டுக்கு,

எழுத வேண்டாம் என்றால் எழுதாமல் இருக்கிறவளா நான்.

சாவி வந்தது. அதை நானே வைத்துக்கொள்கிறேன். கார் இனி யாருக்கும் கிடையாது, தம்பிக்கும் கிடையாது. கேட்டு வருகிறவர்களிடம் இடது பக்கத்து மிதியைக் காட்டினால் போதும், தானாகப் பின்வாங்கிவிடுவார்கள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். எழுத வரவில்லை. வராததை எழுத மாட்டேன். நீ சீட்டுக்கு அடியில் கை விட்ட அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் இந்தத் தாளைக் கிழித்துப் போடத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நேற்றுத்தான் என் லைசென்ஸும் காரும் கைக்கு வந்தன. விசாரணையன்று இன்ஸ்பெக்டர் நம்மைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போய் உன்னைக் காரில் ஏறி உட்காரச் சொன்னாரே, எப்படி உட்கார்ந்து ஓட்டினாய் என்று காட்டச் சொன்னாரே. நீ சீட்டைக் கடகடவென்று கடைசிவரை தள்ளினாய், குனிந்து கொக்கியைத் தட்டினாய், இப்படித்தான் என்று சொல்லிவிட்டு இறங்கி யாரையும் பார்க்காமல் போனாய். நேற்று நான் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். முதுகு எங்கேயோ போய்ச் சாய்ந்தது. காலை நீட்டினேன், பிரேக் எட்டவில்லை. எக்கிப் பார்த்தேன், அப்போதும் எட்டவில்லை.

உன்னிடமிருந்து இந்தக் கார் எனக்கு எட்டாமல் வந்தது இதுதான் முதல் தடவை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகுதான் சீட்டை முன்னால் இழுத்தேன்.

வெறும் வயிற்றுக்காரர்கள் திங்கள் முதல் மறுபடி எனக்காகக் காத்திருப்பார்கள். மாடி வீடுகளுக்கு ஐஸ் பெட்டியைத் தூக்க எனக்கு எப்போதுமே கஷ்டம்தான், லேபில் ஒரு ஆள் கேட்டிருக்கிறேன். வருவதென்றால் விடியும்போது வாசலுக்கு வா. கேரியரில் நான் உட்கார்ந்தது போதும். பக்கத்து சீட்டை உன் இஷ்டத்துக்குப் பின்னால் தள்ளிக்கொள், அதை யாரும் நகர்த்த மாட்டார்கள். ஸ்டியரிங் பக்கம் கை வந்தால் தடியால் போடுவேன்.

கொக்கு